பித்தப்பைக் கல் அல்ல, உடற்பருமன் சத்திரசிகிச்சை

(ஸ்காபரோவில் எமது தொண்டர்கள் ஒழுங்கு செய்த நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்லன். பொறியியல் கற்று, கணினித் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிபவன். வார இறுதிகளில் இந்த அமைப்பின் இணையத்தளத்தைப் பராமரிக்கும் தொண்டர்களில் ஒருவன். ஆகவே நான் இங்கு கூறுவது ஒரு நோயாளியின் அனுபவம் மட்டுமே. அதை உங்கள் குடும்ப வைத்தியரின் ஆலோசனைக்கு ஈடாகக் கொள்ள வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு வயது 40. எடை 131 கிலோ, உயரம் 172 சென்ரிமீற்றர், உடல் நிறைச் சுட்டெண் 44. நீரிழிவு வந்து நான்கு ஆண்டுகள் கடந்து, இரவு தோறும் இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரத்த அழுத்தத்திற்கு இரு மாத்திரைகள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகத்தில் சீபாப் இயந்திரத்தின் கவசம். என் தந்தையார் 54ஆவது வயதில் மாரடைப்பினால் காலமானார். எனது குருதிப் பரிசோதனை முடிவுகளை ஆண்டு வாரியாக ஒரு வரைபடமாகக் கீறிப் பார்த்தேன். அக்கோடு எந்தத் திசையில் செல்கிறது என்பதை அறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

“வாயைக் கட்டினால் போதுமே” என்று இவ்வேளை உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இரு தடவைகள் கட்டினேன். இரு தடவையும் 12 கிலோ வரை குறைந்து, பின்னர் இழந்ததை விடக் கூடுதலாகவே ஏறியது. இது மனவுறுதி பற்றிய வினா மட்டுமன்று. எமது வீடுகளில் உள்ள வெப்பச்சீராக்கியை எண்ணிப் பாருங்கள். தை மாதக் குளிரில் யன்னலைத் திறந்துவிட்டால் உலை ஓய்ந்துவிடுவதில்லை, இன்னும் மும்முரமாக எரிந்து பழைய வெப்பநிலைக்கே வீட்டைக் கொண்டுவர முயல்கிறது. உடலும் அவ்வாறே இழந்த எடையை மீட்கப் பாடுபடுகிறது. இரைப்பையில் பெருமளவு சுரக்கும் கிரெலின் என்னும் பசி இயக்குநீரை யப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். உணவைக் குறைத்து மெலிந்தவர்களில் இந்நீர் கூடுகிறது, உடல் எரிக்கும் சக்தியோ குறைகிறது.

எம்மவர் அறிந்திருக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. தெற்காசியர்களான எமக்கு, அளவான உடம்பு என்று தோன்றும் நிலையிலேயே வயிற்றின் உட்புறத்தில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்னும் குறைந்த எல்லைகளைச் சுட்டிக்காட்டியது. சத்திரசிகிச்சைக்கு 1991 முதல் வழக்கிலிருந்த எல்லை 40, நீரிழிவு போன்ற நோய்கள் இருந்தால் 35. 2022இல் பன்னாட்டுச் சத்திரசிகிச்சையாளர் சங்கங்கள் இதனை 35, 30 எனக் குறைத்ததுடன், ஆசியருக்கு 27.5இலேயே இதனைக் கருத்திற்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தன. அரச காப்புறுதிகள் எல்லாம் இன்னும் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை என்பது வேறு விடயம்.

ஒன்ராறியோவில் இதற்கெனத் தனியான மருத்துவ வலையமைப்பு 2009இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் பலர் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டார்கள். குடும்ப வைத்தியர் பரிந்துரைப் படிவத்தை அனுப்பினால் போதும், சத்திரசிகிச்சைச் செலவை மாகாணக் காப்புறுதியே ஏற்கிறது. ஆனால் படிவம் போன மறுநாளே கத்தி வைக்க மாட்டார்கள். அறிமுக வகுப்பு, தாதி, உணவியலாளர், சமூகப் பணியாளர், உளவியலாளர், உறக்கப் பரிசோதனை என எனக்குப் பத்து மாதங்கள் சென்றன. சமூகப் பணியாளர் கேட்ட முதற் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது: “வீட்டில் சமைப்பவர் யார்? அவருக்கு இது தெரியுமா?”

அந்த வகுப்பில் எம்மவரான ஓர் அம்மையார் தன் பேத்தியுடன் வந்திருந்தார். பேத்திக்குப் பத்தொன்பது வயதிருக்கும். புரதம், குருதி உறைதல், தையல் கசிவு என்பவற்றையெல்லாம் அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் மொழிபெயர்த்துத் தடுமாறியது. கையில் தந்த உணவுப் பட்டியலில் வான்கோழி இறைச்சியும் பாற்கட்டியும் இருந்தன, புட்டையும் இடியப்பத்தையும் காணவில்லை. நான் என் உணவியலாளரிடம் எமது உணவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். அவர் மிக ஆர்வத்துடன் கேட்டு, பருப்பு, முட்டை, மீன், தயிர், சோயா, அவித்த கடலை ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, சோற்றைக் கடைசிக்குத் தள்ளினார். எமது தளத்தில் இன்று உள்ள தமிழ்ப் பட்டியல் அவ்வாறு பிறந்ததே.

வீட்டில் அம்மாவிடம் சொன்ன நாள் கடினமானது. “தம்பி, கட்டி எண்டா வெட்டலாம். நல்ல வயித்தை ஏன் வெட்டுறாய்?” என்று கேட்டார். போர்க்காலத்தில் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்குமோ என்று ஏங்கிய ஒருவருக்கு, மகன் குறைவாக உண்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்கிறான் என்பதை எப்படி விளக்குவது? நான் சுட்டெண்களைச் சொல்லவில்லை. அப்பாவின் வயதை மட்டும் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “சூப்பு எப்பிடி வைக்கிறது எண்டு எழுதித் தா” என்றார்.

எனக்குச் செய்யப்பட்டது இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ ஒரு கோழி முட்டை அளவான சிறு பையைப் பிரித்தெடுத்து, சிறுகுடலை நேராக அதனுடன் இணைக்கிறார்கள். எஞ்சிய இரைப்பையை அகற்றுவதில்லை. அது உள்ளேயே இருந்து தன் சாறுகளைக் கீழே அனுப்புகிறது. சிறு துளைகளின் வழியே கமெரா செலுத்திச் செய்யப்படுவது இது. அதற்கு முன் மூன்று வாரங்கள், நாளொன்றுக்குச் சுமார் 900 கலோரி தரும் மாக்கரைசல் மட்டுமே உணவு. ஈரல் சுருங்கினால்தான் வைத்தியருக்கு இரைப்பை தென்படும். அக்கரைசலுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

2018 நவம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது, இரண்டு இரவுகள் வைத்தியசாலையில் இருந்தேன். வீடு திரும்பும்போது வைத்தியர்கள் என் இன்சுலினை நிறுத்தியிருந்தார்கள். எடை குறையுமுன்னரே சீனியின் அளவு இறங்கத் தொடங்கிவிட்டது! உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவாக அடைவதால், இன்சுலினைத் தூண்டும் குடல் இயக்குநீர்கள் பெருகுவது இதற்கு ஒரு காரணம். எனினும் எல்லோருக்கும் இவ்வாறு அமைவதில்லை. யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

பின்னர் தெளிந்த நீருணவு, மசித்த உணவு, மென்மையான உணவு என்று வாரக்கணக்கில் படியேறினேன். வலியை விடச் சலிப்பே பெரிது. உண்ணும்போது நீர் அருந்தக் கூடாது, உண்டு அரை மணி கழித்தே அருந்தலாம். சோறும் ரசமும் ஒன்றாக உண்டு வளர்ந்தவனுக்கு இது எளிதன்று. மூன்றாம் மாதத்தில் ஒரு வீட்டில், சீனி வேண்டாம் என்று சொல்லியும், அன்பு மிகுதியால் இனிப்பான தேநீரையே தந்தார்கள். பத்து நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று. சீனி வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் நிலை இது. நான்காம் மாதத்தில் தலைமயிர் கொட்டியது, ஆண்டு முடிவதற்குள் மீண்டும் வளர்ந்தது. இதற்கிடையில் ஊரார் என் மனைவியிடம் தனியாக, “அவருக்கு என்ன வருத்தம், புற்றுநோயோ?” என்று விசாரித்தார்கள். “இல்லை, ஒப்பரேசன் செய்தவர்” என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அதற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டுள்ளேன்.

ஏனெனில் எம்மிடையே பலர் இதனை ஒளிக்கிறார்கள். தன் கதையைப் பெயர் குறிப்பிடாமல் கூற அனுமதித்த ஒரு சகோதரி, பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை என்றே புகுந்த வீட்டாருக்குச் சொன்னார். ஆகவே அவர்கள் வழக்கமான சாப்பாட்டையே பரிமாறினார்கள். சந்தேகம் வராதிருக்க அவரும் உண்டார், பின் குளியலறையில் வாந்தியெடுத்தார். விற்றமின் புட்டிகளை மேசையில் வைக்க முடியாததால் பாதி நாட்கள் விழுங்கவில்லை. பல வாரங்கள் வாந்தி தொடர்ந்து, கால்கள் விறைத்து, நடை தடுமாறிய பின்னரே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தயமின் என்னும் பி1 விற்றமின் குறைந்து நரம்புகளைப் பாதித்திருந்தது. தேறிவிட்டார், ஆனால் ஒரு பாதத்தில் உணர்வு முழுமையாகத் திரும்பவில்லை. அவரது உடலைக் கெடுத்தது கத்தி அன்று, எங்கள் வாய்களுக்கு அவர் கொண்ட அச்சம் என்பதே என் எண்ணம்.

விற்றமின்கள், பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் எடுக்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சைவ உணவினர் பி12, புரதம் இரண்டிலும் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கென்று இபுபுரோபன் வகை மாத்திரைகளை விழுங்கினால் இணைப்பில் புண் வரலாம். புகைத்தலும் அவ்வாறே. மது மிக விரைவில் தலைக்கேறும், அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. கொண்டாட்டங்களில் ஊற்றிக் கொடுக்கும் நண்பர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். பெண்கள் முதல் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருவளம் கூடுவதால், புதிதாக மணமானோரை “விசேசம் இல்லையோ” என்று நெருக்குவோர் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இப்போது ஊசி மருந்துகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான். 2021இல் வெளியான ஆய்வில் செமகுளுரைட் சராசரியாக 15 சதவீத எடையையும், 2022இல் வெளியான ஆய்வில் ரெசெபரைட் உயர்ந்த அளவில் ஏறத்தாழ 21 சதவீதத்தையும் குறைத்தன. பலருக்கு அவையே போதுமானவை. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, மாதாந்தச் செலவும் சிறிதன்று. எதைத் தெரிவது என்பது உங்கள் நோய், வயது, காப்புறுதி ஆகியவற்றைப் பொறுத்தது.

எனது எடை பதினெட்டு மாதங்களில் 90 கிலோவுக்கு வந்தது. பின்னர் 5 கிலோ ஏறி, அங்கேயே நிற்கிறது. சீபாப் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு இரத்த அழுத்த மாத்திரை இன்னும் உண்டு. வயிற்றில் தொங்கும் தோலும் உண்டு, சட்டைக்குள் அடங்கிவிடுகிறது.

பரிந்துரைப் படிவம் பற்றியோ, வகுப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருவது பற்றியோ அறிய விரும்புவோர் பின்புற மேசையில் உள்ள தொண்டர்களிடம் பேசலாம். உங்களுடன் வகுப்புக்கு வரவும் மூவர் முன்வந்துள்ளனர், அவர்களில் இருவர் பெண்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தயங்குவோர் வினாவைத் தாளில் எழுதிப் பெட்டியில் இடுங்கள், பெயர் வேண்டியதில்லை.