குழந்தை சொன்ன கதையும் பல்லியமும்

இரயில்வே எழுத்தராகிய நாம் இங்குப் பேருந்தில்தான் வர இயன்றது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு இரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு இசை பற்றிப் பேசும் தகுதி சிறிதே. கேட்கும் செவி மட்டும் உண்டு.

பல வாத்தியங்கள் ஒருங்கே இசைப்பதைப் பல்லியம் என்பர். அதற்கும் குழந்தை கட்டும் கதைக்கும் என்ன உறவு?

1869ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஊஸ்டர் நகரில் இசைக்கடை வைத்திருந்த ஒருவரின் பிள்ளைகள் ஒரு நாடகம் புனைந்தனர். ஓடைக்கு அப்பால் ஒரு மாயநாடு; தங்களைப் புரிந்துகொள்ளாத பெரியவர்களை ஓடையைக் கடத்தி அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது கதை. அவர்களுள் ஒருவனான எட்வர்ட் எல்கார், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அதற்கு மெட்டமைத்துக் குறிப்பேட்டில் எழுதினான். பெரிய தந்தி வாத்தியத்திற்குத் தேர்ந்த ஆள் இல்லை. ஆகவே விரல் பதிக்காமலே வில்லிழுக்கக்கூடிய மூன்று சுரங்களில் அதன் பகுதியை அடக்கினான். இசையறியாப் பிள்ளையும் வாசிக்கலாம்! என்னே சமயோசிதம்! 1907, 1908ஆம் ஆண்டுகளில், உலகப் புகழ் பெற்றுவிட்ட ஐம்பது வயதில், அம்மெட்டுகளையே எடுத்து ‘இளமையின் மந்திரக்கோல்’ என்னும் இரு பல்லியத் தொகுப்புகளாக விரித்தார் எல்கார். அவற்றுள் அரக்கரும் உண்டு, காட்டுக் கரடிகளும் உண்டு.

நம்மவர்க்கும் இது புதிதன்று. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசனின் பாட்டு இத்தோட்டங்களில் ஒலித்ததை மூத்தோர் அறிவர். அவர் தம்பி இளையராசா, தமது ஐந்நூறாவது படமாகிய ‘அஞ்சலி’யில், 1990இல், பிள்ளைகளின் கனவுகளுக்கும் அச்சங்களுக்கும் பெரும் பல்லியத்தையே துணைசேர்த்தார். பாடிய குரல்களுள் அவர்தம் மக்களுடையனவும் உண்டு. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் சிம்பொனி அரங்கேற்றியவரும் அவரே.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் பெரியாற்றுக் காட்டுக்கும், பின்னர் முண்டந்துறைப் பக்கத்துக் காட்டுக்கும் கொண்டுசெல்லப்பட்டதல்லவா? இங்கே ஒரு சிறுமி அதன் கதையைச் சொல்லிவருகிறாள். யானை மலைதோறும் நின்று ஊருக்கு வழி கேட்கிறதாம்; மூடுபனி வேண்டுமென்றே பொய்வழி காட்டுகிறதாம்; ரேஷன் கடை அரிசி மூட்டைகள் இரவில் விழித்துக் காத்திருக்கின்றனவாம். வீட்டார் அவளைப் பொய்க்காரி என்று கடிந்தனர். யானையால் சுவரிழந்த குடும்பத்துக்கு அக்கதை கசப்பது இயல்பே. அவர்களைக் குறைசொல்ல நாம் துணியோம். எனினும் அந்தக் கதையில் அச்சமும் இரக்கமும் ஒருங்கே இருக்கின்றன. இசைக்கு வேறென்ன வேண்டும்?

ஆதலின், அடுத்த ஆண்டு விழாவுக்கு அதனை நம் பல்லியமாக்கலாம். யானைக்குத் தவில், பனிக்குப் புல்லாங்குழல், மூட்டைகளுக்குச் சலங்கை. இசை பயிலாத சிறுவர்க்குக் கிட்டாரில் விரலழுத்தா மூன்று தந்திகள். கதையைத் திருத்தாமல், அவள் சொன்னவாறே எழுதித் தர நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் யானை வீடு சேர்கிறதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, அவசரப்படுத்த வேண்டா. சங்கத்து ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை. அதனைச் செயலாளர் அவர்கள் கவனிப்பாராக.