சான்றிதழும் சாரமும்



தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதற்கண் கற்பித்த விதிகளுள் ஒன்று. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்றுப் புதியது. பிரிட்டன் நாட்டில் ஒப்பந்தக்காரர்களின் பாதுகாப்புத் தகுதியை ஆராய்ந்து சான்று வழங்கும் அமைப்புகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று வழங்கிய சான்றை மற்றொன்றும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு பற்றியே பேசப் போகிறேன். எனினும், பயிற்சிக் கல்லூரியின் விதியை மீறாமல், நீங்கள் நன்கறிந்த பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, வேறு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் சேர வந்தான். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அவன் கையில் இருந்தன. அவை எனக்குப் போதவில்லை. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதச் சொன்னேன். எழுதி முடித்து விடைத்தாளை நீட்டியவன், "ஐயா, இதே கணக்குகளைத்தானே அங்கேயும் எழுதித் தேறினேன்?" என்று கேட்டான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியரும் என்னைப் போல் பயிற்சி பெற்றவரே, பாடத்திட்டமும் ஒன்றே. அவர் இட்ட மதிப்பெண்ணை நான் ஏன் நம்ப மறுத்தேன்?

அச்சிறுவன் கேட்ட கேள்வியையே பிரிட்டனின் சிறு ஒப்பந்தக்காரர்களும் பல ஆண்டுகள் கேட்டு வந்தார்கள்.

அந்நாட்டில் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டங்கள் நெடுங்காலம் தொழிலுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. ராபன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு அவற்றை ஆராய்ந்து 1972-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1974-இல் தொழிலிட உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர், கட்டடப் பணிகளுக்கெனத் தனி விதிகள் 1994-இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. ஒருவரைப் பணிக்கு அமர்த்துமுன் அவர் தகுதியுடையவர்தாமா என்று மனநிறைவு கொள்ளுதல் அமர்த்துகிறவரின் கடமை என்று அவ்விதிகள் கூறின.

நல்ல விதிதான். ஆனால் அது நடைமுறையில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். கூரை வேய்கிற ஒருவர் நகர மன்றத்தில் பணி கேட்டால், அங்கே ஒரு நீண்ட வினாத்தாள். மருத்துவமனைக்குச் சென்றால் இன்னொன்று. கல்லூரிக்குச் சென்றால் மூன்றாவது. கேள்விகளோ பெரும்பாலும் ஒன்றே. உமது பாதுகாப்புக் கொள்கை யாது? தொழிலாளர்க்குப் பயிற்சி அளித்தீரா? விபத்துகளைப் பதிவு செய்கிறீரா? துணை ஒப்பந்தக்காரரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறீர்? இந்தத் தொல்லையைக் குறைக்கவே சான்று வழங்கும் திட்டங்கள் தோன்றின. உள்ளாட்சி மன்றங்களின் பாதுகாப்பு அலுவலர்களும் கொள்முதல் அலுவலர்களும் கூடி 1997-இல் தொடங்கிய 'சாஸ்' என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் திட்டங்களும் பலவாகப் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். நோய் தீர்க்க வந்த மருந்தே நோயாயிற்று.

இதற்கு ஒரு வழி 2007-ஆம் ஆண்டில் தென்பட்டது. திருத்தி வெளியிட்ட கட்டட விதிகளோடு வந்த நடைமுறைக் கோவை, ஒப்பந்தக்காரரிடம் எவையெவற்றை ஆராய வேண்டும் என்று பொதுவான அளவுகோல் ஒன்றை வகுத்துத் தந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2009-இல், சான்று வழங்கும் திட்டங்கள் பல ஒன்றுகூடி 'எஸ்.எஸ்.ஐ.பி.' என்னும் பொது அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையும் இம்முயற்சிக்கு ஆதரவு அளித்தது. ஓர் உறுப்புத் திட்டத்தின் ஆய்வில் தேறிய ஒப்பந்தக்காரரை, அந்தப் பொது அளவுகோலைப் பொறுத்தவரை, மற்ற உறுப்புத் திட்டங்களும் தேறியவராகவே கருத வேண்டும் என்பது அவர்களுடைய உடன்பாடு. ஒப்பந்தக்காரர் தம் சான்றைக் காட்டுவார். இரண்டாவது திட்டத்தார், அது மெய்யானதா, காலம் கடவாததா என்று மட்டும் பார்ப்பார்கள். பழைய கேள்விகளைத் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

இத்தகைய நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதன்று. அதற்கு மூன்று கால்கள் உண்டு. எல்லாரும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அளப்பவர்களையும் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். சான்றுக்குக் காலவரை இருக்க வேண்டும். மூன்றில் ஒரு கால் ஒடிந்தாலும் முக்காலி சாயும்.

நண்பர்களே, இதுவரை கூறியது கதையின் ஒரு பாதியே. மறுபாதியைச் சொல்ல என் தவறு ஒன்றை உங்கள் முன் வைக்க வேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், ஒரு கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கும் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரர் வேறோர் அலுவலகம் தந்த நற்சான்றைக் கொண்டுவந்தார். முத்திரையும் கையொப்பமும் ஒழுங்காக இருந்தன. ஒருமுறை மாணவனை நம்பாமற்போன நான், இம்முறை தாளை முழுவதும் நம்பினேன். கோப்பில் வைத்துக் கையெழுத்திட்டேன். முற்றத்தில் கட்டியிருந்த சாரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், நைந்த கயிறு அறுந்து, மேலே நின்ற இளைஞர் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார், கால் முறிந்தது. பின்னர் அவர் சாரம் ஏறவேயில்லை. நான் அறையை விட்டு இருபது அடி நடந்திருந்தால் அந்தக் கயிறு என் கண்ணில் பட்டிருக்கும். கோப்பில் இருந்த சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடத்தில் இருந்தது.

பிரிட்டனின் அந்த 2007-ஆம் ஆண்டுக் கோவை இதனை முன்னரே உணர்ந்திருந்தது. ஆய்வினை அது இரு படிகளாகப் பிரித்தது. ஒப்பந்தக்காரரின் அமைப்பும் ஏற்பாடுகளும் பொதுவாகச் செம்மையாக உள்ளனவா என்பது முதற்படி. குறித்த இந்த வேலையை, இந்த இடத்தில் செய்யும் அனுபவம் அவருக்கு உண்டா என்பது இரண்டாம் படி. பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளக்கூடியது முதற்படி மட்டுமே. வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசத் தகுந்தவர், கோபுர உச்சியில் வேலை செய்யத் தகுந்தவர் என்று ஆகிவிடமாட்டார். 2015-இல் வந்த புதிய விதிகளும் திறன், அறிவு, அனுபவம், நிர்வாக ஆற்றல் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்டுகின்றன. அமர்த்துகிறவரின் கடமையை எந்தச் சான்றும் தன் தோளில் சுமந்துகொள்வதில்லை.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும், 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் பிரிட்டனில் வேலையிடத்து விபத்துகளில் 138 தொழிலாளர் இறந்தனர். அவர்களுள் 51 பேர் கட்டடத் தொழிலைச் சேர்ந்தவர்கள். காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பாதவர்கள் அவர்கள்.

அப்படியானால் சான்றுகளால் பயன் இல்லையா? உண்டு. ஒரே கேள்விக்குப் பத்து முறை விடை எழுதுவதில் கழியும் பொழுது மீளுகிறது. மீண்ட அந்தப் பொழுதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. ஏணியின் படியையும் சாரத்தின் கட்டையும் பார்ப்பதற்குச் செலவிட்டால், அந்த ஏற்பாடு உயிர் காக்கும். தாளைக் கோப்பில் வைத்து உறங்குவதற்குச் செலவிட்டால், அது என் கோப்பைப் போன்றதே ஆகும்.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் அலுவலர் ஆவீர்கள். உங்கள் மேசைக்கும் சான்றிதழ்கள் வரும். பிறர் நேர்மையாகச் செய்த ஆய்வை மதியுங்கள். தேறியவனை வீணே மீண்டும் தேர்வு எழுத வைக்காதீர்கள். அதன்பின் எழுந்து முற்றத்துக்குச் சென்று, சாரத்தின் கயிற்றை ஒருமுறை உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள்.