வானொலிக்கு இனியும் வாழ்வுண்டா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியும் இணையமும் பெருகிவிட்ட இந்நாளில் வானொலி அவற்றோடு போட்டியிட்டு நிற்க இயலுமா என்பது நமக்கு அளிக்கப்பட்ட பொருள். வானொலியின் பழம்பெருமையைப் பேசிவிட்டு அமர்ந்துவிடுவோம் என்று செயற்குழுவினர் எதிர்பார்த்திருப்பின், அவர்கள் சிறிது ஏமாற்றம் அடைய நேரும். பெருமையைப் பேசத்தான் போகிறோம். அது தோற்ற கதையையும் உடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கவயலில் வானொலிப் பெட்டி நுழைவதற்கு முன்னரே ஓர் ஒலிபரப்பு இருந்தது என்றால் இளைஞர்கள் வியப்பர். சுரங்கத்துச் சங்கையே குறிப்பிடுகிறோம். அது ஊதினால் மாரிகுப்பம் முதல் கோரமண்டல் வரை ஒவ்வொரு லைனிலும் உள்ளவர் எல்லாரும் ஒரே கணத்தில் கேட்டனர். வேலைக்குப் புறப்படுவோரும், வேலை முடிந்து வருவோருக்கு உலை வைப்போரும் அந்த ஒரே ஒலிக்குக் கட்டுப்பட்டிருந்தனர். நேரமல்லாத நேரத்தில் அது ஊதினால் பெண்கள் அடுப்பை விட்டுக் குழிவாயிலை நோக்கி ஓடினர். அனைவரும் ஒருங்கே கேட்பது என்னும் இந்தத் தன்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து இங்கே குடியேறிய நம் முன்னோர்க்குத் தமிழ் நாட்டோடு இருந்த தொடர்பு, கடிதமும் ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குச் செல்லும் இரயில் பயணமுமே. 1938ஆம் ஆண்டு சென்னையிலும் 1939ஆம் ஆண்டு திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தோன்றின. மத்திய அலையின் இயல்பு ஒன்றுண்டு. பகலில் அது நிலத்தை ஒட்டிச் சென்று தளர்ந்துவிடும். இரவில் வானத்து மேலடுக்கு அதனை எதிரொளித்து நெடுந்தொலைவுக்கு அனுப்பும். ஆகவே இருட்டிய பின் தமிழ் எல்லை கடந்து வந்தது. கூடத்தில் கம்பி கட்டிய பெட்டியைச் சுற்றி அண்டை வீட்டார் அமர்ந்து கேட்ட அந்தத் தமிழே நம்மில் பலருக்குச் செந்தமிழ்ப் பள்ளியாயிற்று.

இங்கே ஒன்று சொல்லாமல் போவதற்கில்லை. "ஆகாசவாணி" என்ற பெயர் டில்லியில் பிறந்ததன்று. 1935ஆம் ஆண்டு மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தம் வீட்டிலேயே சிறு ஒலிபரப்பி ஒன்றை அமைத்து நடத்திய நிலையத்தின் பெயர் அது. ஒரு தனி மனிதர் தம் வீட்டிலிருந்து ஊருக்குப் பேசியது இந்த மண்ணில்தான். சங்கம் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் இதனைக் கருதுக.

இனித் தோல்விக்கு வருவோம். வானொலியை முதலில் தோற்கடித்தது தொலைக்காட்சி என்று நினைப்பது பிழை. இந்திய வானொலியை முதலில் தோற்கடித்தது மற்றொரு வானொலியே. 1952ஆம் ஆண்டு செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அவர்கள் திரைப்படப் பாடல் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகின. மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தனர். மயில்வாகனன் அவர்களின் குரல் தமிழ்நாட்டில் வீட்டுக் குரலாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957 அக்டோபரில், விவித பாரதி என்னும் ஒலிபரப்பைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது. கேட்பவனுக்கு எது நல்லது என்று அவனைக் கேளாமலே முடிவு செய்த நிலையம் அவனை இழந்தது. வேறு காரணம் இல்லை.

தொலைக்காட்சி பெங்களூருக்கு 1981ஆம் ஆண்டு வந்தது. 1987ஆம் ஆண்டு இராமாயணத் தொடர் ஞாயிறு காலைகளில் தெருக்களை வெறிச்சோட வைத்ததும், 1993ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி தோன்றி, மாநில எல்லை பாராமல் தமிழைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கியதும் நீங்கள் அறிந்தவை. இணையம் அதனையும் விஞ்சியது. பி.பி.சி.யின் தமிழோசை 1941ஆம் ஆண்டு முதல் சிற்றலையில் வந்துகொண்டிருந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளோடு அதன் வானொலி ஒலிபரப்பு நின்றது. தொலைவிலிருந்து வரும் குரலைக் கைபேசி எளிதில் தருமாயின் சிற்றலையின் இரைச்சலுக்குள் அதனைத் தேடுவார் யார்? தொலைவைக் கடப்பதில் வானொலி தோற்றுவிட்டது. இதனை மறுப்பதில் பயனில்லை.

பாட்டிலும் அவ்வாறே. 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் பெங்களூரில் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில் நம் சுரங்கம் மூடப்பட்டதையும், வேலை தேடி அந்த நகரத்துக்கே நம் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறத் தொடங்கியதையும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அத்தகைய தனியார் நிலையங்களுக்குத் தாமே செய்தி திரட்டி வாசிக்கும் உரிமை வழங்கப்படவில்லை. தொலைக்காட்சிக்குச் செய்தி உண்டு, இணையத்துக்கு உண்டு, நாளிதழுக்கு உண்டு. வானொலிக்கு மட்டும் பாட்டு. கைபேசியோ விரும்பிய பாட்டை விரும்பிய நொடியில் தருகிறது. ஓட்டப் பந்தயக்காரனின் காலைக் கட்டிவிட்டு அவன் ஓடுவானா என்று வினவுவது முறையாகாது.

பின் எஞ்சுவது என்ன? அதற்கு விடை நம் கோலார் மாவட்டத்திலேயே உளது. பங்காரப்பேட்டை வட்டத்துப் பூதிகோட்டையை நீங்கள் அறிவீர்கள். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவ்வூர்ப் பெண்களும் இளைஞர்களும் தொண்டு நிறுவனங்களின் துணையோடு "நம்ம த்வனி" என்னும் நிலையத்தை நடத்தினர். நம் குரல் என்பது அதன் பொருள். சிற்றூர் மக்களுக்கு ஒலிபரப்பு உரிமம் தரும் சட்டம் அன்று இல்லை. அவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? தொலைக்காட்சிக்காக வீடுகளுக்கு இழுத்திருந்த கேபிள் கம்பியிலேயே தம் குரலை ஏற்றி அனுப்பினர்! போட்டியாளனின் தோளிலேயே வானொலி ஏறிச் சென்றது. பேசியவர் ஊரார், பேசிய பொருள் ஊர்ப் பொருள். ஆகையால் ஊர் கேட்டது.

2006ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைகள் சமுதாய வானொலியைத் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டன. பாம்பனில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய "கடல் ஓசை" மீனவர்க்கு வானிலையும் கடல் நிலையும் சொல்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இத்தகைய நிலையங்களின் குரல் எட்டாது. அதுவே அவற்றின் வலிமை. அந்தச் சிறு வட்டத்துக்காகப் பேச வேறு எவரும் வரமாட்டார்.

முதலில் சொன்ன சங்குக்கு இப்போது திரும்புவோம். கைபேசி வந்த பின் ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு தனித்தனி ஒலிகள். தங்கவயல் முழுவதும் ஒருங்கே கேட்கும் தன் குரல் இன்று ஒன்றும் இல்லை. இதனால் நேரும் இழப்பு இருவகை. நம் பேரப் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், வாசிக்க அறியார். இந்த மலரையே அவர்களுக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். காதுக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. மற்றொன்று, சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்த இரவுகளையும், கேஜில் இறங்கும்போது உடன் இருந்தவர் பாடிய பாட்டையும் தம் வாயால் சொல்லக்கூடியவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கிய சிலர் இப்போதே மூச்சுக்கிடையேதான் பேசுகின்றனர்.

மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் பதிவு பெற்று இயங்கும் பொதுத்தொண்டு அமைப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் சங்கம் அத்தகுதியுடையதே. இடையூறுகளும் உண்டு. கருவிக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டும். நாள்தோறும் வந்து பேச ஆள் வேண்டும், விழாவுக்கு மட்டும் வரும் ஆள் போதாது. நிலையம் தமிழுக்கு மட்டுமே என்று நாம் நின்றால் அது நடவாது, நடப்பதும் நியாயமன்று. குழிக்குள் இறங்கியவருள் தெலுங்கரும் கன்னடரும் இருந்தனர், சங்கு எல்லாருக்கும்தான் ஊதியது. நாளில் எத்தனை மணி எந்த மொழிக்கு என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

உரிமம் கிடைக்க நாளாகும். ஒலிப்பதிவுக்கு உரிமம் வேண்டுவதில்லை. இளைஞர் கையிலுள்ள கைபேசியே போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் நால்வர் வந்து பேச இசைந்துள்ளனர். பதிவு செய்ய மூன்று இளைஞர்கள் தேவை. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.