அழைத்தார்க்கே திறக்கும் ஆய்வுக்களம்



தமிழாசிரியனுக்குக் கணிப்பொறிக் காசைப் பற்றி என்ன பேச்சு என வினவுவார் இங்கு இருக்கலாம். ஆசிரியன் என்னும் சொல்லுக்கே 'ஆசு இரியன்', அதாவது குற்றத்தை ஓட்டுபவன் எனப் பொருள்கூறுவாருண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக விடைத்தாளிற் பிழை கண்டு வருபவன் யான். பிழையொன்று கண்டதற்காக ஒருவர்க்கு இருபது இலக்கம் அமெரிக்கத் தாலர் தந்தனர் என்னும் செய்தி செவியில் விழுந்தால் எனக்கு உறக்கம் வருமா?

நம் புதுக்கோட்டைக்குத் தனிக்காசு இருந்தது. அம்மன் காசு என்பர். ஒருபுறம் அம்மன் உருவம். மறுபுறம் 'விசய' என்னும் சொல், அதுவும் தெலுங்கெழுத்தில்! (தமிழ் மண்ணின் காசில் தமிழெழுத்துக்கு இடமில்லாமற் போன கதையை இன்று விரிக்கப் புகேன்.) இருபது காசு கொண்டது ஓரணா. அக்காசுக்குப் பின்னே அரண்மனை நின்றது. 1948 மார்ச்சு 3ஆம் நாள் அவ்வரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

இன்று எழுந்துள்ள புதுப்பணத்திற்குப் பின்னே அரண்மனையும் இல்லை, வைப்பகமும் இல்லை. உலகெங்கும் பரந்த கணிப்பொறிகள் ஒரே கணக்கேட்டை வைத்துள்ளன. கடன், வட்டி, பணமாற்று எல்லாவற்றையும் நிரலாகவே எழுதி அவ்வேட்டில் ஏற்றிவிடுகின்றனர். நிரல் தானே கொடுக்கும், தானே வாங்கும். இந்நிரலைத் 'தன்னியங்கு ஒப்பந்தம்' என்றும், இத்துறையை 'நடுவமில் பணவியல்' என்றும் யான் வழங்குவேன். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் ஏற்பேன்.

குடுமியான்மலைக் கல்வெட்டுகளைக் கண்டிருப்பீர்கள். கல்லில் வெட்டியபின் பிழையைத் திருத்துவது எளிதன்று. ஏற்றிய நிரலும் பெரும்பாலும் அத்தகையதே. திருத்துதற்கு வழிவைத்து எழுதுவாரும் உளர். ஆயின் உரிமையாளன் வைத்த வழியே கள்வனுக்கும் வழியாவதுண்டு.

2016 சூன் 17ஆம் நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எத்தீரியம் என்னும் கணக்கேட்டின் மேல் 'டாவோ' எனப் பெயரிய பொது முதலீட்டுக் களஞ்சியம் இருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ முப்பத்தாறு இலக்கம் ஈத்தர்க்காசு வெளியேறியது. எவ்வாறு? ஒரு கணக்கப்பிள்ளை, கேட்டவனுக்குப் பணத்தை முதலிற் கையிற் கொடுத்துவிட்டுப் பிறகு ஏட்டில் கழிப்பவர் என்று கொள்ளுங்கள். பணத்தை வாங்கியவன், அவர் எழுதுகோலை எடுக்குமுன் மீண்டும் கை நீட்டுகிறான். ஏட்டில் பழைய இருப்பே நிற்கின்றது. ஆகவே மீண்டும் கொடுக்கிறார். மீண்டும் நீட்டுகிறான். கொடுப்பது முன், எழுதுவது பின் என்னும் இவ்வரிசைப் பிழைதான் களஞ்சியத்தைக் கறந்தது. சொல் முறை பிறழப் பொருள் பிறழும் என வகுப்பில் நாம் சொல்வது இதுவே.

இத்தகைய பிழையைக் கள்வனுக்கு முன்னே கண்டு சொல்வார்க்குப் பரிசு என்பதே பிழைகாண் போட்டி. குறித்த நாள்களுக்கு நிரலை வெளியிடுவர். ஆய்வார் பிழைகளை எழுதித் தருவர். நடுவர் அவற்றைக் கடும்பிழை, இடைப்பிழை எனத் தரம்பிரிப்பர். ஒரே பிழையைப் பலர் கண்டால் பரிசு பங்காகும். எவரும் காணாததைக் கண்டவர்க்கே பெரும்பொருள்.

இதில் ஒருவகை அழைப்புப் போட்டி. முன்னைப் போட்டிகளிற் பெயர்பெற்ற சிலரை மட்டும் தேர்ந்தழைப்பர். வெளியிடாத நிரல் பலர் கண்ணிற் படலாகாது என்பது ஒரு கரணியம். செயற்கை அறிவைக் கொண்டு எழுதிக் குவிக்கும் வெற்று முறையீடுகளைப் படித்து மாள்வது இயலாது என்பது மற்றொன்று. இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசாற்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டு அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் கூறும். அதுவும் அழைத்த அவைதான்.

எனினும் என் ஐயத்தைச் சொல்லாமல் விடேன். நம் நாட்டார் தோற்றுநராக இருந்த பாலிகன் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 2021 அத்தோபரில் கெரார்டு வாக்னர் என்பார் அதன் பணப்பாலத்தில் ஒரு பிழை கண்டார். ஒருமுறை எடுத்த பணத்தையே 223 முறை வரை எடுக்கலாம் என்னும் நிலை! ஏறத்தாழ 85 கோடித் தாலர் இடரில் இருந்தது. நான் முதலிற் சொன்ன இருபது இலக்கம் இவர்க்குத் தந்ததே. அதே ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் இன்னொருவர் அதனினும் பெரும்பிழையைக் காட்டினார். 5ஆம் நாள் அடைத்தனர்; அதற்குள் 8,01,601 மேட்டிக்காசு களவுபோயிற்று. இவ்விருவரையும் எவரும் பெயர்சொல்லி அழைக்கவில்லை. வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது, வந்தனர், கண்டனர். வாயிலை அடைத்து நூற்றுவரை மட்டும் உள்ளே வைத்திருந்தால் அந்நூற்றுவருள் இவர்கள் இருந்திருப்பரோ?

அழைப்பு வேண்டுமாயின் பெயர் வேண்டும். பெயர் வேண்டுமாயின் திறந்த போட்டி வேண்டும். திறந்தவை அருகி அழைப்பு மட்டும் நிற்குமானால், அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ இருந்து ஒரு பிள்ளை எந்தப் படியில் கால்வைப்பாள்? அழைப்புப் போட்டி நடத்துவார் ஒவ்வொரு முறையும் சில இடங்களையேனும் பெயரறியார்க்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

நம்மவரால் இயலுமா என்னும் தாழ்வெண்ணம் வேண்டா. சென்னையைச் சேர்ந்த இலட்சுமண் முத்தையா 2019இல் இன்சுடாகிராமின் கடவுச்சொல் மீட்பில் பிழை கண்டு முப்பதாயிரம் தாலர் பெற்றார். ஆறிலக்கக் குறியீட்டில் பத்து இலக்கம் வாய்ப்புகளே உண்டு. அவற்றைப் பத்து நிமையத்துள் பல முகவரிகளிலிருந்து முயலலாம் என்பதே அவர் கண்டது. 2021இல் மைக்ரோசாப்ட்டு ஐம்பதாயிரம் தந்தது. இவை பணவியல் நிரல்கள் அல்ல. ஆயினும் தொழில் ஒன்றே.

ஓர் எச்சரிக்கை. ஒப்புதலின்றிப் பிறர் கணிப்பொறியில் புகுதல் 2000ஆம் ஆண்டுத் தகவல் நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி இழப்பீட்டுக்கு உரியது. வஞ்சக நோக்கோடு செய்யின் 66ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறை. ஆதலின் போட்டியின் விதியைப் படித்து, அது வரைந்த எல்லைக்குள் மட்டும் கைவையுங்கள். எல்லைக்கு வெளியே பிழை கண்ணிற் பட்டால் தொடாது, உரியவர்க்கு எழுதுங்கள். அழைப்பென்பது பெருமை மட்டுமன்று. எழுத்தில் உள்ள ஒப்புதலும் ஆகும்.

போட்டி விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றில் வரும் நாற்பது சொற்களுக்குத் தமிழ் தந்து ஒரு தாளில் எழுதி வந்துள்ளேன். கணிப்பொறி ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்து, ஏழு சொற்கள் பொருந்தா என்று கோடிட்டுள்ளார். கோட்டோடே படியெடுத்துள்ளேன், வாயிலில் பெற்றுக்கொண்டு, மேலும் பொருந்தாதவற்றைக் குறித்துத் தாருங்கள்.