முதியோர் கல்வியும் நம் கடனும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து மாணாக்கர்க்குச் சங்கம் உதவிச் சம்பளம் அளித்து வருதல் யாவரும் அறிந்ததே. அம் மாணாக்கரின் பெற்றோருள் எழுத்தறியார் உளராயின், அவர்க்கு நாம் செய்வது யாது? இவ் வினாவையே இன்று தங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாது பெருவிரல் பதிப்பவர், பிறர் வாய்ச்சொல்லையே தம் கண்ணாகக் கொள்கின்றார். அவருடைய நிலமும் உழைப்பும் அச் சொல்லை நம்பியே நிற்கின்றன. ஆதலின் முதியோர்க்கு எழுத்தறிவு அணிகலன் அன்று. உடைமைக்கு இட்ட வேலி.

இக் குறையைப் போக்க நம் தேசம் முயன்ற வரலாறு அறியத்தக்கது. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எழுத்தறிந்தார் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேரே. 1978 அக்டோபர் 2-இல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கிற்று. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரையுள்ளாரைக் கருதி எழுந்தது. அடுத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் ஊதியம் கருதாத தொண்டர் பல்லாயிரவர் கற்பிக்க முன்வந்தனர். 1990 பிப்ரவரியில் அம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பெற்றது.

நம் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஊக்க, மகளிர் எழுத்தோடு சைக்கிள் விடவும் பழகினர். பிறர் துணையை எதிர்பாராது வேலைக்கும் சந்தைக்கும் சென்றனர். கல் உடைத்த பெண்டிர் குழுவாய்க் கூடிக் குவாரியைக் குத்தகை எடுத்து நடத்தவும் முற்பட்டனர். கணக்கும் கையொப்பமும் நாள்தோறும் வேண்டப்படும் இடத்தில், கற்ற எழுத்து மறப்பதில்லை.

அன்பர்காள்! இதனையே நான் வற்புறுத்த விரும்புகின்றேன். பெயரெழுதப் பழக்கிச் சான்றிதழ் அளித்து விழாவெடுத்தலோடு நின்றால், புழக்கமற்ற எழுத்து சில திங்களில் மறைந்துபோம். வாழ்க்கையோடு பிணைந்த எழுத்தே நிலைக்கும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் எழுத்தறிந்த ஆடவர் நூற்றுக்கு ஏறக்குறைய 81. பெண்டிரோ 65 அளவே. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதும் அதற்கு மேற்பட்டுமுள்ள யாவரையும் கருதியது. அதுவும் தொண்டரையே நம்பியது. அரசாங்கம் பணமும் புத்தகமும் தரலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியை அன்போடு அழைத்து உட்கார்த்துதல் உறவினராலன்றி ஆகாது. அங்கேதான் நம்போன்ற சங்கத்தின் கடன் தொடங்குகின்றது.

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகின்றேன். சங்கக் கட்டடத்தில் மாலைதோறும் ஒருமணி நேரம் வகுப்பு நடைபெறுக. அவ் வேளையைப் பெண்டிரே குறிப்பாராக. உதவிச் சம்பளம் பெறும் மாணாக்கர் ஒவ்வொருவரும் முதியோர் ஒருவர்க்குக் கற்பிப்பாராக. குழந்தைக்குரிய அரிச்சுவடியை விடுத்து, தம் பெயர், ஊர்ப்பெயர், ரேஷன் அட்டை, பாங்குப் புத்தகம், நிலப்பட்டா இவையே பாடமாகுக. கற்பிப்போர், வயதில் மூத்தாரைப் பிள்ளைகளைப்போல் அதட்டாது, வணக்கத்தோடு பழகுதல் வேண்டும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நம் வருகைப் பதிவேட்டில் பெருவிரல் அடையாளம் ஒன்றேனும் குறைந்திருக்குமாயின், அதுவே இச் சங்கம் ஈட்டிய பொருள் என்பேன்.