மார்கழி வெளிச்சமும் எங்கள் லயமும்

(தலைமன்னார் பழைய இறங்குதுறை அருகே தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



முந்தாநாள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்தோம். வரும் வழியில் ஓர் அம்மா கேட்டார்: "நுவரெலியா டவுனில் நத்தார் லைட் பார்க்கணும்னுதானே பிள்ளைங்க கேட்டுச்சி, நீங்க ஏன் இந்த மணல்காட்டுக்குக் கூட்டிப் போறீங்க?" நியாயமான கேள்வி. பஸ்ஸில் நாம் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர் லீவு வந்தால் குளிரை அனுபவிக்கக் கீழ்நாட்டு ஜனங்கள் வான் பிடித்து ஏறி வருவார்கள். எங்களுக்குக் குளிர் வருத்தம், அவர்களுக்கு விநோதம்! ஹோட்டல் கூரையிலும் மரங்களிலும் சின்னச் சின்ன பல்பு மின்னும். நாமும் நின்று பார்த்திருக்கிறோம், அழகுதான். ஆனால் ஏணியில் ஏறி அந்த பல்பைக் கட்டுவது யார்? நடுச்சாமம் வரைக்கும் அங்கே சட்டி பானை கழுவுவது யார்? கொழுந்துக் காசு போதாமல் டவுனுக்குப் போகிற எங்கள் ஆட்கள்தான்.

பல வருடங்களுக்கு முன், நாம் வேலை பார்த்த வேறொரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். நத்தாருக்கு இரண்டு நாள் இருந்தது. அப்பனும் ஆத்தாளும் டவுனில் ஒரு விடுதிக்கு ராத்திரி வேலைக்குப் போய்விட்டார்கள். லயக்காம்பராவில் ஒன்பது வயது மகளும் மூன்று வயது தம்பியும். கரன்ட் இல்லை. பழைய போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு. தம்பி எட்டிப் பிடிக்க, விளக்கு சாய்ந்து, மண்ணெண்ணெய் அக்காவின் கையில் ஊற்றிக்கொண்டது. பிள்ளை பிழைத்தாள். ஆனால் அந்தக் கைவிரல்கள் இன்றைக்கும் நிமிராது. ஆத்தாளை எல்லாரும் ஏசினார்கள். பிள்ளைக்காம்பராவைப் பொழுதுபட்ட பிறகும் திறந்து வைக்க வேண்டுமென்று நாம் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது எங்கள் பிழை.

இப்படி வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992 ஆம் ஆண்டில் ஒரு விளக்கைச் செய்தார். மார்மைட் போத்தல் மாதிரிக் குள்ளம், கனமான கண்ணாடி. விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் கொட்டாதபடி திருகுமூடி. பெரிய யந்திரம் ஒன்றுமில்லை, ஆனாலும் 1998 இல் ரோலெக்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. இப்போது கரன்ட் வந்துவிட்டதே என்பீர்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் வெட்டினபோது அலுமாரிக்கு மேலே கிடந்த குப்பி விளக்கெல்லாம் மறுபடி இறங்கினதை மறந்துவிட்டோமா?

மலையூர் விளக்கு என்றால் வந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜெர்மனியில் எர்ஸ்கெபிர்கே என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளிகள் குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி, இருட்டின பிறகு ஏறி வருவார்கள். சூரியனையே காணாத ஆட்கள். அவர்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு வைத்தார்கள். மரத்தில் செதுக்கிய பொம்மைகளின் கையில் மெழுகுதிரி: ஆண்பிள்ளை ஒன்றுக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி, பெண்பிள்ளை ஒன்றுக்கு ஒரு தேவதை. தெருவில் போகிறவர் ஜன்னலைப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்! இன்று அந்த வெளிச்சத்தைப் பார்க்க டிசம்பரில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் போகிறார்கள். முதலில் அது தொழிலாளி தன் பிள்ளைக்கு ஏற்றிய விளக்கு.

மன்னாருக்கு ஏன் வந்தோம்? நேற்று மாலை டவுனில் பார்த்தீர்கள். வாசலில் நட்சத்திரக் கூடு, பாலன் குடில். வெளியூர்க்காரர் வந்து பார்ப்பார்கள் என்று கட்டினதில்லை. பையன்கள் ஈர்க்குச்சியும் டிசு பேப்பரும் வைத்து ஒட்டினது. கார்த்திகைக்குச் சைவ வீடுகளிலும் அப்படித்தான், படியில் அகல் விளக்கு, கோயிலில் சொக்கப்பனை.

இன்னொரு காரணம், நாம் நிற்கிற இந்த இடம். 1914 இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கள் பாட்டன் பூட்டிமார் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுப் போனார்கள். யாரும் அவர்களுக்கு விளக்குக் கட்டி வைக்கவில்லை. 200 வருடம் ஆனதை நினைத்து 2023 ஜூலை 28 இல் இங்கிருந்து நடக்கத் தொடங்கியவர்கள் ஆகஸ்ட் 12 இல் மாத்தளை சேர்ந்தார்கள். அந்த வழியில்தான் இன்றைக்கு நாமும் பஸ்ஸில் திரும்பப் போகிறோம். பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள், ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

இனி வீட்டு விசயம். இந்த நத்தாருக்கு வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை அகல் விளக்கு இஸ்தோப்பில் வைப்போம். எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் வைக்கலாம். திரைச்சீலைப் பக்கமோ விறகுப் பக்கமோ வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்கம்பியில் கொக்கி போட்டு பல்பு மாலை எரிக்க வேண்டாம். மூடுபனியில் நனைந்த கூரைத்தகரத்தில் அந்த வயர் பட்டால் என்ன ஆகும் என்று ஆண்பிள்ளைகளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் செய்கிறீர்கள்!

டிசம்பர் 20 முதல் 31 வரை பிள்ளைக்காம்பரா இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். இந்தத் தடவை துரையிடம் எழுத்தில் வாங்கிவிட்டோம். பிள்ளைக்காம்பரா அம்மாமார் இருவர் முறை வைத்து நிற்பார்கள். டவுனுக்கு ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் வெட்கப்படாமல் பிள்ளைகளின் பெயரைக் கொடுங்கள். பத்து மணிக்கு மேலே வேலை உள்ளவர்கள் தனியாக வந்து பேசுங்கள், அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

பெயர் எழுதும் கொப்பி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பஸ் நாலு மணிக்குக் கிளம்பும்.