ஆவாரம்பூவும் ஊதா நிறமும்



மணப்பாறையைக் கடந்து எங்கள் வையம்பட்டியை நெருங்கும்பொழுது, மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைக் காணலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடிக்கிறோமே, அதே செடிதான். இதன் பட்டையைக் கொண்டு தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிட்டு வந்தார்கள். அதற்கு உதவியது டானின் என்னும் துவர்ப்புப் பொருள். இன்று ஆய்வுக்கூடங்களில் இச்செடியின் சாற்றுக்கு மதிப்புத் தேடித் தந்திருப்பதும் அத்துவர்ப்பும் அதன் இனத்துப் பொருள்களுமேயாகும்.

நாட்பட்ட கடலையெண்ணெய் காறலடிப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அது ஆக்சிஜனின் வேலை. ஓர் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு அண்டையிலிருப்பதனிடம் பறிக்கிறது. பறிகொடுத்தது மற்றொன்றினிடம் பறிக்கிறது. நம் உடலிலும் இது ஓரளவு நடந்துகொண்டேயிருக்கிறது. தன் எலக்ட்ரானைத் தானே ஈந்து இச்சங்கிலியை அறுக்கும் பொருளையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம்.

இத்தன்மையை அளக்க, பிளாய்ஸ் என்பவர் 1958-இல் எளிய முறையொன்றை வெளியிட்டார். டிபிபிஎச் என்னும் பொருளைச் சாராயத்தில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் தோன்றும். அதில் மூலிகைச் சாற்றை விட்டால், சாற்றின் வலிமைக்கேற்ப ஊதா வெளுத்து மஞ்சளாகும். பார்ப்பதற்கு அழகான சோதனை!

அந்த அழகில் மயங்கியவர்களில் நானும் ஒருவன். 34 ஆண்டுகள் விஞ்ஞானம் போதித்தவன், நீரிழிவு நோயாளி. ஆவாரம்பூச் சாறு ஊதாவை நன்கு போக்குகிறதென்று படித்தவுடன், மாத்திரையை நிறுத்திவிட்டு நான்கு மாதம் கஷாயம் குடித்தேன். காலிலே கல் கீறிய சிறு புண் ஆறவேயில்லை. என்னைச் சோதித்த மருத்துவர் என் பழைய மாணவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்தக் குழாயில் இரத்தம் இருந்ததா?" என்று மட்டும் வினவினார். நான் தலை குனிந்தேன்.

குழாயில் இருந்தது சாயம். உடலிலோ, சாறு இரைப்பையையும் குடலையும் ஈரலையும் கடந்தாக வேண்டும். வழியிலேயே அது சிதைந்து உருமாறுகிறது. மேலும், ஆய்வாளர் பெரும்பாலும் சாராயத்தில் வடிப்பதும், நாம் வெந்நீரில் வடிப்பதும் ஒன்றல்ல. தடுப்பான் எவ்வளவு மிகுந்தாலும் நன்மையே என்பதும் பொய்த்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994-இல் வெளியாயிற்று.

இதனால் ஆவாரையைப் பழிப்பதாக எண்ணவேண்டாம். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதன் பூச்சாற்றைக் கொடுத்ததில் இரத்தச் சர்க்கரை குறைந்ததென அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2002-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் எலியல்லவே!

என் புண் ஆற ஏழு வாரமாயிற்று. ஆவாரம்பூ வெந்நீரை இப்பொழுதும், மருத்துவர் அறிய, காலையில் ஒரு குவளை பருகி வருகிறேன். மாத்திரையை அதற்கு முன்னரே விழுங்கிவிடுகிறேன்.